மான் கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள்

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டை வாசலைத் தாண்டியதும் எந்த மிருகம் நிற்கும்? எங்கள் ஊர் முகநூல் குழுவில் சேர வருகிறவர்களிடம் நீண்ட காலம் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுவந்தோம். திருகோணமலைக்காரருக்கு இது ஒரு கேள்வியே இல்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்பதும், அவை நகரத்துத் தெருக்கள் வரை வந்து கடைக்காரர் போடுகிற மரக்கறித் துண்டைத் தின்பதும் எல்லோரும் பார்த்ததுதான். "மான்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். சிலர் சிங்களத்தில் எழுதுவார்கள், சிலர் மான் படத்தை மட்டும் போடுவார்கள். டொரொண்டோவில் பிறந்த ஒரு பிள்ளை "அம்மாவிட்ட கேட்டனான், மான் எண்டு சொன்னா" என்று எழுதியிருந்தது. உடனே சேர்த்துக்கொண்டோம். கள்ளக் கணக்குகளின் பதில் வேறு மாதிரி இருக்கும்: "ஆம்", "நன்றி", "விதிகளை ஏற்கிறேன்", ஒரு தடவை "சிங்கம்". இதை இப்படி வெளியில் எழுதுவதால் கேள்வியை மாற்றிவிட்டோம். புதியது என்னவென்று கேட்காதீர்கள்.

நான் மத்திய வீதிப் பக்கம் சின்னதாக ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், விண்ணப்பப் படிவம் நிரப்புவது, வயதானவர்களின் ஃபோனில் ஏதாவது மாறிப்போனால் சரிபண்ணிக் கொடுப்பது. அதோடு ஊர்க் குழுவின் அட்மின்களில் நானும் ஒருவன். வாடகை வீடு, கரண்ட் கட், மரண அறிவித்தல், இரவில் எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது, நிலாவெளிக் கடற்கரையில் யாரோ விட்டுவந்த பணப்பை என்று எல்லாம் அங்கே வரும். இரண்டு வேலையும் ஒருவனிடம் இருப்பதால் ஸ்பாமின், அதாவது கேட்காமலே மொத்தமாக வந்து விழுகிற விளம்பர, மோசடிப் பதிவுகளின், இரண்டு நுனியும் எனக்குத் தெரிகிறது. குழுவுக்குள் அது வந்து விழுவதையும் பார்க்கிறேன், அதில் மாட்டுப்பட்டவர் ஃபோனும் கையுமாகக் கடை வாசலில் நிற்பதையும் பார்க்கிறேன்.

எவ்வளவு அழித்தாலும் ஏன் இது திரும்பத் திரும்ப வருகிறது என்று எங்கள் ரீச்சர் கேட்பா. உவர்மலையில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை, அவவும் அட்மின். காரணம் ஒன்றுதான், அனுப்புகிறவனுக்குச் செலவில்லை. 1978 மே மாதம் அமெரிக்காவில் கணினி விற்கிற நிறுவனமொன்றின் ஆள் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை மின்னஞ்சலில் தட்டிவிட்டார். நன்றாகத் திட்டு வாங்கினார், ஆனால் வியாபாரமும் நடந்தது. அன்றைக்குத் தொடங்கிய கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. லட்சம் பேருக்குப் போட்டு ஒருவர் மாட்டினாலும் அவனுக்கு இலாபம்தான். அழிக்கிற எங்களுக்குத்தான் நேரம் போகிறது.

அதனால் அழிப்பதில் கெட்டிக்காரராவதில் பெரிய பயன் இல்லை. எங்கள் ஊருக்கென்று அவன் தனியாக மெனக்கெட வேண்டும் என்ற நிலையை உண்டாக்கிவிட்டால் போதும். ஆயிரம் ஊருக்கு ஒரே பதிவைப் போடுகிறவன், ஒரு ஊருக்காக உட்கார்ந்து கோட்டைக்குள் நிற்பது மானா மாடா என்று தேடிக்கொண்டிருக்க மாட்டான். அடுத்த ஊருக்குப் போய்விடுவான். அடுத்த ஊர் பாவம்தான், என்ன செய்வது.

வாசலில் செய்யக்கூடியவை சில உண்டு. சேர வருகிறவரிடம் மூன்று கேள்விகள் வரை கேட்க முகநூல் விடுகிறது. பதிலே எழுதாத விண்ணப்பங்களையும், அண்மையில் தொடங்கிய கணக்குகளையும் தானாகத் தள்ளிவிட அட்மின் அசிஸ்ட் என்ற இடத்தில் விதி போடலாம். மிச்சத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். படங்கள் எல்லாம் ஒரே நாளில் ஏறியிருக்கிறதா, நண்பர்களில் ஒரு ஊர்ப் பெயராவது தெரிகிறதா, பிறந்தநாளுக்கு யாராவது வாழ்த்தியிருக்கிறார்களா. கடைசியாகச் சொன்னதை ரீச்சர்தான் கண்டுபிடித்தா. பொய்க் கணக்குக்கு அழகான படம் இருக்கும், படித்த பள்ளிக்கூடம் இருக்கும், ஆனால் "மச்சான், பார்ட்டி எப்ப?" என்று கேட்க ஒரு ஆள் இருக்காது.

இத்தனையையும் தாண்டி உள்ளே வருகிறவை உண்டு. சேர்ந்து மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் எழும்புகிற கணக்குகள் அவை. அவை கொண்டுவருவதில் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது காணாமல் போன பிள்ளைப் பதிவு.

அது எப்படியிருக்கும் என்று முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனிதர்கள்தான் இதைப் பரப்புகிறார்கள். முகத்தில் காயத்தோடு ஒரு சிறுவனின் படம். கீழே: "திரிகோணமலையில் இன்று காலை வீதியோரத்தில் மயங்கிய நிலையில் இந்தச் சிறுவன் கண்டெடுக்கப்பட்டான். துணை ஷெரிப் அவனைக் காப்பாற்றினார். அவன் யார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பகிர்வு அவன் பெற்றோரைக் கண்டுபிடிக்கும்." ஊர்ப் பெயரே பிழை. ஷெரிப் என்பது அமெரிக்கப் பொலிஸ் பதவி, திருகோணமலையில் எந்தக் காலத்தில் ஷெரிப் இருந்தார்? இங்கே அப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் துறைமுகப் பொலிஸ், தலைமையகப் பொலிஸ் என்று சொல்வார்கள், பெரியாஸ்பத்திரியில் எந்த வார்ட் என்று சொல்வார்கள், பார்த்த ஓட்டோக்காரரின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் பதிவில் ஒரு தொலைபேசி இலக்கமும் இல்லை. கொமெண்டும் பூட்டப்பட்டிருந்தது. பெற்றோரைத் தேடுகிறவன் ஏன் கொமெண்டைப் பூட்ட வேண்டும்? யாராவது "இது பொய்" என்று எழுதிவிடுவார்கள் என்பதற்காகத்தான்.

இதில் பணம் எங்கே இருக்கிறது என்று பலருக்கு விளங்குவதில்லை. பதிவு போட்டவன் இரண்டு மூன்று நாள் பொறுத்திருப்பான். நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்த பிறகு அதே பதிவைத் திருத்தி, பிள்ளையின் படத்தை எடுத்துவிட்டு, மலிவு வட்டிக் கடன் என்றோ முதலீடு என்றோ ஒரு லிங்கைப் போடுவான். பகிர்ந்தவர்களின் பக்கத்தில் இருப்பதும் தானாக மாறிவிடும். பிள்ளைக்காக இரக்கப்பட்டுப் பகிர்ந்த மாமியின் பெயரில் இப்போது கடன் விளம்பரம் நிற்கும். மாமியின் பெயர் இருப்பதால் அவவின் சொந்தக்காரர் அதை நம்புவார்கள். மாமிக்கு இது எதுவும் தெரியாது.

சந்தேகம் வந்தால் பார்க்க எளிய வழிகள் இருக்கின்றன. பதிவின் மூலையில் இருக்கிற மூன்று புள்ளியை அழுத்தினால் திருத்த வரலாறு தெரியும். முதல் வசனத்தை அப்படியே எடுத்து முகநூலில் தேடினால், அதே பிள்ளை வேறு நாட்டிலும் வேறு ஊரிலும் அதே நாளில் "கண்டெடுக்கப்பட்டிருப்பான்". ஆனால் உண்மையாகவே பிள்ளை தொலைகிற நாளும் வரும். சிவராத்திரிக் கூட்டத்தில் கைவிட்டுப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் நாங்கள் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க முடியாது. ஆகவே ஒரு விதி: காணாமல் போனவர் பற்றிய பதிவில் தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும், எங்களில் ஒருவர் உடனே அந்த இலக்கத்துக்கு அடித்துப் பேச வேண்டும், கொமெண்ட் திறந்திருக்க வேண்டும். ஆள் எடுத்துப் பேசினால் அடுத்த நிமிடமே பதிவு மேலே போகும். இலக்கம் இல்லாவிட்டால் போட்டவரிடம் கேட்போம். நிஜமானவர் கேட்ட உடனே தருவார். பொலிஸ் 119, சிறுவர் உதவிக்கு 1929 என்பதையும் பதிவின் கீழேயே போட்டுவிடுவோம்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அடித்து மூதூர்ப் பக்கம் வெள்ளம் ஏறியபோது இந்த விதி இன்னொரு வகையில் உதவியது. உதவி கேட்கிற பதிவுகள் மணிக்கு மணி வந்தன. அவற்றில் ஒன்று, நாங்கள் ஏற்கெனவே அனுமதித்திருந்த ஒரு சங்கத்தின் வேண்டுகோள்தான். எழுத்து அப்படியே, படமும் அப்படியே, வங்கிக் கணக்கிலக்கம் மட்டும் வேறு. சங்கத்துச் செயலாளருக்கு அடித்துக் கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அதன் பிறகு கணக்கிலக்கம் படத்துக்குள் இருக்கிற எந்த வேண்டுகோளையும் நாங்கள் விடுவதில்லை. எழுத்தாகப் போட வேண்டும், கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், தனி ஆளின் பெயரில் இருந்தால் அந்த ஆளை எங்களில் ஒருவருக்கு நேரில் தெரிந்திருக்க வேண்டும். கடுமையான விதிதான். அதில் மனவருத்தப்பட்டவர்களும் உண்டு.

வெளிநாட்டு வேலைப் பதிவுகள் இதைவிட லேசானவை என்று பலர் நினைப்பார்கள். "கனடாவுக்குப் பழத்தோட்ட வேலை, ஆங்கிலம் தேவையில்லை, தங்குமிடம் இலவசம்." கீழே போய்ப் பார்த்தால் எங்கள் பிள்ளைகள் தங்கள் ஃபோன் இலக்கத்தை வரிசையாக எழுதிவைத்திருப்பார்கள். ஸ்பாம்காரனுக்கு அந்த வரிசைதான் அறுவடை. பதிவை நாங்கள் அழித்தாலும் இலக்கங்கள் அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கும், பிறகு வட்ஸ்அப்பில் ஒவ்வொருவராகப் பிடிப்பான். அதனால் இந்த வகைப் பதிவு அனுமதிக்கு வரும்போதே நிறுத்துகிறோம். போட்டவர் உண்மையான முகவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இலக்கம் இருக்கும். அதைத் தரச் சொல்வோம், 1989க்கு அடித்துச் சரிபார்ப்போம். அனுமதி இலக்கம் கேட்டதும் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள்.

தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடிப் பக்கம் மோசடி முகாம்களில் அடைபட்டதும், அவர்களில் ஒரு பகுதியினர் 2024இல் மீட்கப்பட்டதும் செய்திகளில் வந்தது. அங்கே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை மற்றவர்களுக்கு இதே மாதிரிப் பொய்ச் செய்தி அனுப்புவது. எங்கள் குழுவுக்குள் வருகிற ஒரு செய்தியை, வேலைப் பதிவு ஒன்றுக்கு இலக்கம் எழுதிய ஒரு பிள்ளையே அடியும் உதையும் வாங்கிக்கொண்டு தட்டியிருக்கலாம். இதை அறிந்த பிறகு ஸ்பாம் கணக்குகளோடு வாய்ச்சண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டேன். தடைசெய்வேன், முறைப்பாடு செய்வேன், அவ்வளவுதான். தடைசெய்யும்போது அந்த ஆள் அண்மையில் போட்டவை எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கிற தெரிவு ஒன்று வரும், அதையும் தொட மறக்க வேண்டாம்.

இனிக் கடைப் பக்கம் வருகிறேன். திருக்கடலூரிலிருந்து ஒரு அம்மா வந்தா. ஃபோனை நீட்டி, "தம்பி, மருமகள் அனுப்பியிருக்கிறா. ஆறு நம்பர் ஒண்டு மாறி எனக்கு வந்திட்டுதாம். திருப்பி அனுப்பட்டாம். எனக்கு இங்கிலீசு தெரியாது, எது அந்த நம்பர் எண்டு பாருங்கோ" என்றா. எஸ்எம்எஸ்ஸைத் திறந்தேன். வட்ஸ்அப்பின் ஆறு இலக்கக் குறியீடு, யாருக்கும் கொடுக்காதே என்று அதிலேயே எழுதியிருந்தது. வட்ஸ்அப்பில் மருமகளின் படத்தோடு அடுத்தடுத்துச் செய்தி: "அம்மா சீக்கிரம்", "அம்மா அனுப்பிட்டீங்களா".

"மருமகள் உங்களை அம்மா எண்டா கூப்பிடுறவ?"

"இல்லை, மாமி எண்டுதான்."

"சரி, அவவுக்கு வட்ஸ்அப்பில வேண்டாம், சும்மா கோல் எடுங்கோ."

எடுத்தா. மருமகள் அழுகிற நிலையில் இருந்தா. காலையிலிருந்து அவவின் வட்ஸ்அப் அவவிடம் இல்லை, அவவின் பெயரில் எல்லோரிடமும் யாரோ காசு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நடப்பது இதுதான்: அவன் தன் ஃபோனில் உங்கள் இலக்கத்தைப் போட்டு வட்ஸ்அப் திறக்கப் பார்க்கிறான். குறியீடு உங்களுக்கு வருகிறது. அதைக் கொடுத்தால் கணக்கு அவனுடையது. உங்கள் குழுக்கள் எல்லாவற்றுக்குள்ளும் உங்கள் முகத்தோடு அவன் இருப்பான். திரும்பப் பிடிக்க, உங்கள் ஃபோனில் வட்ஸ்அப்பை மறுபடி பதிவுசெய்து புதிய குறியீட்டைப் போட வேண்டும், அவன் தானாக வெளியேறுவான். ஆனால் அவன் அதற்குள் இரண்டாம் பூட்டு (இருபடிச் சரிபார்ப்பு இலக்கம்) போட்டிருந்தால் உங்களுக்கு அந்த இலக்கம் தெரியாது, 7 நாள் காத்திருக்க வேண்டி வரும். அந்த ஏழு நாளும் சொந்தக்காரருக்கு ஒவ்வொருவராகக் கோல் எடுத்துச் சொல்வதுதான் வேலை. இதைத் தவிர்க்க அந்த இரண்டாம் பூட்டை நீங்களே முந்திப் போட்டுவைக்கலாம். செட்டிங்ஸில் கணக்கு என்பதற்குள் இருக்கிறது, ஆறு இலக்கம்தான். கடைக்கு வருகிறவர்களுக்கு ரீலோட் போடும்போதே கேட்டு நான் போட்டுக் கொடுக்கிறேன். குழுக்களில் யார் உங்களைச் சேர்க்கலாம் என்பதையும் தெரிந்தவர்கள் மட்டும் என்று மாற்றிவிட்டால், முன்பின் தெரியாத முதலீட்டுக் குழுக்களில் காலையில் கண்விழிக்கிற தொல்லை போய்விடும். மோசடி நடந்துவிட்டால் இலங்கை கணினி அவசரத் தயார்நிலை அணிக்கு 101இல் சொல்லலாம்.

சீசன் காலத்தில், மே தொடங்கி செப்டெம்பர் வரை, உப்புவெளியில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் வேறொரு செய்தியோடு வருவார்கள். "உங்கள் பக்கம் பதிப்புரிமையை மீறியுள்ளது, 24 மணிநேரத்தில் நிரந்தரமாக நீக்கப்படும், மேல்முறையீட்டுக்கு இங்கே அழுத்துக." அனுப்பியவரின் படம் நீலச் சின்னம், பெயர் ஏதோ உதவி மையம். முகநூல் அப்படி உள்பெட்டியில் ஆள் மாதிரி வந்து பேசாது. உண்மையில் பிரச்சினை இருந்தால் உங்கள் பக்கத்தின் நிலை காட்டுகிற இடத்திலேயே தெரியும். அறை எல்லாம் நிரம்பியிருக்கிற கிழமையில் பக்கம் போய்விடுமோ என்ற பயம்தான் அவனுடைய மூலதனம்.

விதிகளை எவ்வளவு இறுக்கலாம் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. குறித்த சொல் இருந்தால் பதிவை நிறுத்தும் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறோம். அதில் "வட்டி" என்பதைப் போடலாமா என்று பேச்சு வந்தபோது எங்களில் ஒருவரான கிண்ணியாக் காக்கா (முஸ்லிம் அண்ணாமாரை இப்படித்தான் கூப்பிடுவோம்) சிரித்தார். "போடுங்க தம்பி, நோன்பு காலத்துல வட்டிலப்பம் விக்கிற பொம்புளைங்க எல்லாம் மாட்டுப்படுவாங்க." அந்த இனிப்பின் பெயரிலேயே வட்டி இருக்கிறது. போடவில்லை. "வட்ஸ்அப்" என்ற சொல்லையும் தடுக்க முடியாது, வாடகை வீட்டுக்காரர் எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். லிங்க் இருக்கிற பதிவை மட்டும் தானாக நிறுத்திவைத்து, கையால் பார்த்து விடுகிறோம். பெரும்பாலான குப்பை அதிலேயே நின்றுவிடுகிறது.

இரவு வேலைக்கு லண்டனில் இருக்கிற எங்கள் ஊர்த் தம்பி ஒருவனைப் பிடித்தோம். ஸ்பாம் பெரும்பாலும் நாங்கள் படுத்த பிறகுதான் வரும். இங்கே இரவு 2 மணியென்றால் அங்கே இன்னும் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்காது. ஊர்க் குழு வைத்திருக்கிறவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன்: வேறு நேர வலயத்தில் ஒரு நம்பிக்கையான ஆள் எந்த மென்பொருளையும் விடப் பெறுமதி. அட்மின் எல்லோரும் இரட்டைப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும், விலகிப்போனவரின் அட்மின் உரிமையைக் கையோடு எடுத்துவிட வேண்டும். ஒரு அட்மினின் கணக்குப் போனால் குழுவே போய்விடும்.

தெரிந்த ஊர்க்காரரின் கணக்கிலிருந்து ஸ்பாம் வந்தால் பதிவை நிறுத்துவோம், ஆளை நீக்க மாட்டோம். ஃபோன் எடுத்துக் கேட்போம். கணக்கைப் பறிகொடுத்தவரை ஊர் முன்னால் துரத்துவது நியாயமில்லை. இப்போது வருகிற பொய்ப் பதிவுகளின் தமிழும் முன்னேறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கிறது, ஷெரிப் எல்லாம் வருவதில்லை, ஊர்ப் பெயரும் சரியாக இருக்கிறது. எழுத்துப்பிழையைப் பார்த்துப் பிடித்த காலம் முடிகிறது. ஃபோன் எடுத்துப் பேசிப் பார்ப்பதுதான் மிச்சம்.

எந்த வாசல் கேள்வியாலும் நிறுத்த முடியாத ஒரு வகை இருக்கிறது. ஊர்க்காரரே போடுகிற ஸ்பாம். கேக் செய்கிறவர், ரியூசன் வைக்கிறவர், காணி விற்கிறவர், எல்லோருக்கும் மான் நன்றாகத் தெரியும். ஒரே விளம்பரத்தைக் காலை, மதியம், மாலை என்று மாத்திரை போல மூன்று வேளையும் போடுவார்கள். ஒருவரிடம் இது ஸ்பாம் அண்ணா என்று மெதுவாகச் சொன்னபோது, "நான் ஸ்பாமா? நான் ஏகாம்பரம் வீதியடா!" என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் சனிக்கிழமைதோறும் விளம்பரத்துக்கென்று நாங்களே ஒரு பதிவு போடுகிறோம், அதன் கீழே ஆளுக்கு ஒன்று எழுதலாம். பெரும்பாலும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஏகாம்பரம் வீதி அண்ணா மட்டும் இப்போது தினமும் "இனிய காலை வணக்கம்" போடுகிறார், பின்னால் அவருடைய கடைப் பெயர்ப்பலகை முழுதாகத் தெரிகிற படத்தோடு. விளம்பரம் என்கிறா ரீச்சர். வணக்கம் சொல்கிற மனிசனை எப்படி அழிப்பது என்கிறார் காக்கா. இன்னும் முடிவெடுக்கவில்லை.